இரண்டு தடவை இறக்கிய கியர்பாக்ஸ்

வாங்கண்ணே. சின்னமனூர் சவரிமுத்து மெக்கானிக் நீங்கள்தானே? வருவீர்கள் என்று என் வீட்டுக்காரி பவுன்தாய் சொல்லிவிட்டுத்தான் போனாள். உள்ளே வாருங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம், கழற்றினால் காலெல்லாம் ஆயில் ஒட்டும். அந்த நீளச் சீட்டில் உட்காருங்கள். ஆமாம், ஜீப்பின் முன் சீட்டுதான். பின்னால் மட்டும் சாயாதீர்கள், முட்டுக் கொடுக்கவில்லை.

அவள் கங்காணி வீட்டுக்குப் போயிருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள். திங்கட்கிழமை மலையில் ஏலக்காய் எடுப்பு ஆரம்பிக்கிறது. அன்றைக்குக் காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு எஸ்டேட் வாசலில் எந்த வண்டி போய் நிற்கிறதோ, அந்த வண்டிக்குத்தான் சீசன் முடிகிற வரைக்கும் டிரிப்பு. நாலு வருஷமாக அது பவுன்தாய் வண்டி. "திங்கக்கிழமை உன் ஜீப்பு வரலைன்னா தவசி ஜீப்புல ஆளை ஏத்திவிட்ருவேம்மா, அப்புறம் என்னையச் சொல்லக் கூடாது" என்று கங்காணி சொல்லிவிட்டார். இன்றைக்குச் சனிக்கிழமை. ஜீப்பு வாசலில் நிற்கிறது. அதன் கியர்பாக்ஸ் உங்கள் காலடியில் கிடக்கிறது. விஷயம் இவ்வளவுதான். இதற்குப் போய் மெக்கானிக்கா?

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் தொழில்காரர். கூப்பிட்டால் வரத்தான் செய்வீர்கள். கூப்பிட்டவளைச் சொல்கிறேன். பையை இப்போது பிரிக்க வேண்டாம், அவள் வரட்டும். அதற்குள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வைத்தியம் பார்க்கிறவருக்கு நோய் எப்படி வந்தது என்று தெரிய வேண்டாமா?

நான் பம்பு ஹவுஸில் இரவு ஆபரேட்டர். பதினேழு வருஷம். சாயந்தரம் ஆறு மணிக்கு ஏறினால் காலை ஆறுக்கு இறக்கம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும், அது மூன்று நிமிஷ வேலை. மிச்சம் ஐம்பத்தேழு நிமிஷத்தில் ஒரு மனிதன் குடிக்கலாம், அல்லது படிக்கலாம். நான் படித்தேன். ஹோமியோபதி இரண்டு வருஷம். அதற்குப் பிறகு வாஸ்து. அந்தச் சமையலறைக்கு ஜன்னல் இல்லாமல் இருக்கிறதே, அது நான் வாஸ்து படித்த வருஷம் அடைத்தது. இந்த வீட்டில் அதற்குப் பிறகு ஒரு கெட்டதும் நடக்கவில்லை. புகை கொஞ்சம் இருக்கிறது, அது வேறு.

அப்புறம் போன் வந்தது, வீடியோ வந்தது. உலகத்தில் எவனெவனோ வீட்டு வாசலில் ஜீப்பைப் பிரித்து மாட்டுகிறான் அண்ணே. தனியாள். முகத்தில் ஒரு நிம்மதி. ஒரு வருஷம் பார்த்தேன். பகலில் எனக்குத் தூக்கம் வராது. மூடினாலும் கண்ணுக்குள்ளே பல்சக்கரம் சுற்றும்.

ஜீப்பை ஓட்டுவது அவள். அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் ஒன்பது பெண்களை வைத்துக்கொண்டு ஏற்றி இறக்குவாள். பவுன்தாய் வண்டியென்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம் என்று சொல்வார்கள். சொல்லட்டும். ஓட்டுவது கைப்பழக்கம். வண்டியை உள்ளே அறிந்தவன் நான். நான் மலையில் ஓட்டியதில்லை, எனக்கு அந்த வளைவில் தலை சுற்றும்.

வைகாசியில் ஒரு நாள் சொன்னாள். "கீழ ஆயில் சொட்டுதுங்க. பின்னாடி ஆயிலைத் தடுக்கிற ரப்பர் சீலா இருக்கும். ஒர்க்ஷாப்புல விட்டா சாயந்தரத்துக்குள்ள முடிஞ்சிரும்."

அந்த 'சீலா இருக்கும்' எனக்குப் பிடிக்கவில்லை. நோய்க்குப் பெயர் வைப்பது யார்? சொட்டுகிற இடத்தைப் பார்த்துச் சொல்வது பாமர வேலை. எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்க்க வேண்டாமா? கியர்பாக்ஸை முழுசாக இறக்கிப் பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. பின்பக்கச் சீலுக்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை, அதானே? தெரியும் அண்ணே. இறக்கிய பிறகு தெரிந்தது.

ஆனி மாதம் முதல் தடவை இறக்கினேன். சீட்டைக் கழற்றினேன். தரைத்தகட்டைக் கழற்றினேன். கியர் கம்பி, அதன் பக்கத்தில் நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற சின்னக் கம்பி, முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட், ஹேண்ட்பிரேக். போல்ட்டையெல்லாம் அவளுடைய இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாக வைத்தேன். அது ஒரு முறை. எந்த ஒர்க்ஷாப்பிலாவது இந்த ஒழுங்கு உண்டா? நீங்களே சொல்லுங்கள். அவள்தான், "இனி இதுல இட்லி எப்படிங்க ஊத்துறது?" என்றாள். தோசை ஊற்று என்றேன்.

நான் பார்த்த வீடியோவில் ஒரு தாடிக்காரன். பாஷை புரியவில்லை. பாஷை எதற்கு, கைதான் பேசுகிறதே. ஆனால் கியர்பாக்ஸை எஞ்சினிலிருந்து பிரிக்கிற இடத்தில் ஒரு உறுப்பைத் தொட்டு மூன்று தடவை 'குயிதாதோ, குயிதாதோ' என்றான். முக்கியமான உறுப்பு என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். பிரிக்கும்போது அந்த இடத்தில்தான் ஒரு பித்தளை வாஷர் நசுங்கியது. சரி, குயிதாதோ போச்சு என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன்.

"குயிதாதோ இருக்கா?"

கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "எந்த மாடலுக்கு?"

சொன்னேன்.

"அது இப்ப வர்றதில்லைங்க. கம்பெனியே நிறுத்திட்டான். மதுரையில கேட்டுப் பாருங்க, டூப்ளிகேட்தான் கிடைக்கும்."

மதுரைக்கும் போனேன். மூன்று கடை. ஒருவர் நேற்றுத்தான் கடைசிப் பீஸ் போனது என்றார். இன்னொருவர் முன்பக்கமா பின்பக்கமா என்று கேட்டார். பிற்பாடு பம்பு ஹவுஸில் உட்கார்ந்து அந்த வார்த்தையைப் போனில் போட்டுப் பார்த்தேன். ஸ்பானிஷில் 'பத்திரம், ஜாக்கிரதை' என்று அர்த்தமாம். அந்த ஆளும் சொல்லித்தான் இருக்கிறான், நான் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் ஒன்பது நாள் ஆனது. வண்டி இல்லாததால் பவுன்தாய் வீட்டில் இருந்தாள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள் அண்ணே. அவள் காலை ஐந்து மணிக்கு வண்டியை எடுத்துவிடுவாள். நான் ஆறரைக்கு வருவேன். சோறு மூடியிருக்கும். சாயந்தரம் அவள் திரும்பி வருகிற நேரம் நான் சைக்கிளில் டியூட்டிக்குப் போய்க்கொண்டிருப்பேன். புளியமரத்து வளைவில் எதிரே வருவாள். ஹாரன் அடிப்பாள், நான் பெல் அடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு எஸ்டேட் லீவு, ஊர்ச் சவாரிக்குப் போய்விடுவாள். எனக்குச் செவ்வாய்க்கிழமை, அவள் வருவதற்குள் சாப்பிட்டுத் தூங்கிவிடுவேன். நாலு வருஷம் இப்படித்தான். அந்த ஒன்பது நாளும் மத்தியானம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டோம். அவளுக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். வைத்து வைத்துவிட்டுப் போவாள், நான் சாப்பிடுவேன், அவளும் சாப்பிடுகிறாள் என்றுதானே நினைப்பேன்.

அதை விடுங்கள். மாட்டின கதைக்கு வருகிறேன்.

எல்லாச் சீலையும், நசுங்கிய வாஷரையும் புதுசாகப் போட்டேன். மாட்டப் போனால் ஏறவில்லை. கிளச் பிளேட்டு நடுவில் நிற்க வேண்டும், அப்போதுதான் கியர்பாக்ஸ் தண்டு உள்ளே போகும். அதற்கென்று நீங்கள் ஒரு டம்மி ஷாஃப்ட் வைத்திருப்பீர்கள். நான் சப்பாத்திக் கட்டையில் டேப்பு சுற்றிச் செய்தேன். அளவு கனகச்சிதம். தூக்கத்தான் ஆள் இல்லை. எண்பது கிலோ இருக்கும் அந்தச் சனியன்.

அவள் என்ன செய்தாள், தன் வண்டிப் பெண்களுக்குச் சொல்லிவிட்டாள். ஒன்பது பேரும் வந்து நின்றார்கள். ஏலக்காய் மூட்டை தூக்குகிறவர்கள். ஒச்சம்மா என்று ஒருத்தி, அவள் வாய்க்கு எஸ்டேட் சூப்பர்வைசரே ஒதுங்கிப் போவார். வந்ததும் என்னைப் பார்த்தாள், சேலை சுற்றிக் கிடந்த கியர்பாக்ஸைப் பார்த்தாள்.

"ஏண்ணே, பெத்த பிள்ளைக்குத் தொட்டில் கட்டுனாப்புல சேலையில கட்டி வச்சிருக்கீக?"

"தூசி படக்கூடாது."

"அது சரி. பவுனு, இந்தச் சேலை உன் தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்ததுல்ல?"

பவுன்தாய் சேலையை அவிழ்த்து மடித்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

ஜீப்பின் இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே இரும்புக் குழாயைப் போட்டு, தரை ஓட்டை வழியாகக் கயிற்றை விட்டுக் கட்டினோம். நாலு பேர் கயிற்றைப் பிடித்தார்கள், மூன்று பேர் அடியில் படுத்தார்கள். நான் ஒவ்வொரு கட்டத்தையும் நோட்டைப் பார்த்து வாசித்தேன். ஒச்சம்மா, "நீங்க அந்த முருங்கைமரத்துப் பக்கம் போயி மேப்பார்வை பாருங்கண்ணே, காலு மாட்டிக்கிடப் போவுது" என்றாள். நானும் மரத்தடியில் நின்று சத்தமாக வாசித்தேன். பவுன்தாய் அடியில் படுத்துக்கொண்டு, "எக்கா, கொஞ்சம் இடது பக்கம். போதும். இப்ப விடு" என்றாள். ஒரு தட்டு. ஏறிவிட்டது.

என் மேற்பார்வையில் ஒரே நாளில் மாட்டினோம். ஆனால் ஊரில் என்ன பேச்சு? பவுன்தாயும் பெண்களும் சேர்ந்து மாட்டினார்களாம். மேற்பார்வை என்ற ஒன்று இந்த நாட்டில் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

பத்து நாள் ஓடியது. பதினோராவது நாள் வாசலில் பார்க்கிறேன், அதே இடத்தில் ஆயில்.

அவள் சொன்னாள், "இருக்கட்டுங்க. குறையக் குறைய ஊத்திக்கிட்டே இந்தச் சீசனை ஓட்டிருவேன். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்." கையைக் கூப்பவில்லை, அவ்வளவுதான்.

எப்படி விடுவது? ஒரு மானம் இருக்கிறதல்லவா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அக்கா பேரனுக்குக் காதுகுத்து. நீ போய் வா, எனக்குத் தூக்கம் வருகிறது என்றேன். அவள் தெருமுனை திரும்பினதும் ஸ்பேனரை எடுத்தேன். அன்றைக்கு ஒரே பகலில், தனியாளாக, வாடகை ஜாக்கியை வைத்து இறக்கினேன் அண்ணே. அந்தத் தாடிக்காரனுக்கே இரண்டு நாள் ஆனது.

திரும்பி வந்தாள். தலையில் பூ, கையில் காதுகுத்துத் தாம்பூலப் பை. வாசலில் சீட்டு கிடக்கிறது, நடையில் கியர்பாக்ஸ் கிடக்கிறது. ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். பையை ஆணியில் மாட்டினாள். பட்டுச்சேலையை மாற்றினாள். உலை வைத்தாள்.

அது ஆயிற்று பதிமூன்று நாள். அவள் பெண்களெல்லாம் களையெடுப்புக்குத் தவசி ஜீப்பின் பின்படியில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். ஒச்சம்மா தினம் இந்தத் தெரு வழியாகப் போகும்போது, "தொட்டில் ஆடுதாண்ணே?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போகிறாள். இந்தப் பதிமூன்று நாளும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் சாப்பிட்டோம். அவள் பேசவில்லை, அது வேறு விஷயம். எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

அண்ணே, அண்ணே. ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள் அதிலிருந்து. அதைச் சுரண்டாதீர்கள். அது பிள்ளையார்.

பிள்ளையார் என்றால் நான் வைத்த பெயர். ஆயுத பூஜைக்கு மற்றவர்கள் பானெட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் பொட்டு வைத்துவிட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நான் தரைத்தகட்டைத் திறந்து உள்ளே கியர்பாக்ஸுக்கும் வைப்பேன். உழைக்கிறது அதுதானே. அதன் தலையில் உருண்டையாக, தொந்தி மாதிரி சின்னதாக ஒன்று உட்கார்ந்திருக்கிறதே, பார்த்தாலே கும்பிடத் தோன்றும். அதற்கு மட்டும் சந்தனக்காப்பே சாத்திவிடுவேன். மேலே குங்குமம். மூன்று வருஷமாகத் துடைக்கவே இல்லை, துடைக்க மனசு வருமா?

என்ன சொன்னீர்கள்? காற்றுத் துளையா?

மறுபடி சொல்லுங்கள். ஓடும்போது கியர்பாக்ஸ் சூடாகும், உள்ளே காற்று விரியும். அது வெளியே போகிற வழி இந்தத் தொந்தி. வழி அடைத்துவிட்டால் காற்று சீலைத் தள்ளும், சீல் வழியாக ஆயில் வரும். புதுச் சீல் போட்டாலும் வரும்.

இது எனக்குத் தெரியும் அண்ணே. காற்றுத் துளை என்று ஒன்று இருக்கும் என்பது நன்றாகத் தெரியும். எங்கே இருக்கும் என்பதுதான் தெரியாது.

அப்படியென்றால், இறக்கியே இருக்க வேண்டாம். ஒரு ஊக்கை எடுத்துக் குத்தியிருந்தால் போதும். ஆனியிலேயே. அதைத்தானே சொல்கிறீர்கள். சொல்ல வேண்டாம், முகமே சொல்கிறது. சிரிக்காமல் இருக்கிறீர்களே, நீங்கள் நல்ல மனிதர்.

ஊதிப் பாருங்கள். ம். வருகிறது காற்று. சந்தன வாசனையோடு வருகிறது.

இருங்கள், எங்கே எழுந்திருக்கிறீர்கள்? அவள் வரட்டும் என்றேனே. சரி, பிரித்துக்கொள்ளுங்கள் பையை. அதுதான் டம்மி ஷாஃப்ட்டா? பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கிறது. நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன். வேண்டாமா? சக்கரம் வைத்த ஜாக்கியே கொண்டுவந்துவிட்டீர்களா. அப்போது வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள், நான் முருங்கைமரத்தடியில் நிற்கிறேன்.

பார்த்து. கொஞ்சம் இடது பக்கம். நான் சொல்லாவிட்டாலும் நீங்கள் இடது பக்கம்தான் தள்ளுகிறீர்கள்.

ஏறிவிட்டதா?

இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. என் பம்பு ஹவுஸில் இருபது நிமிஷம் எவ்வளவு நீளம் தெரியுமா? முள் நகராது.

அப்படியென்றால் இன்றைக்கே முடிந்துவிடும். நாளைக்கு ஒரு நாள் மிச்சம். திங்கட்கிழமை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவாள். கங்காணிக்கும் சந்தோஷம், ஒச்சம்மாவுக்கும் வாய் அடங்கும். நான் ஆறரைக்கு வருவேன். நல்லதுதான். நல்லது இல்லை என்று யார் சொன்னது?

என்ன அண்ணே, தட்டில் தேடுகிறீர்கள்? எஞ்சினோடு சேர்க்கிற போல்ட்டா? எட்டுத் துளை இருக்கிறது, ஏழுதான் இருக்கிறதா? நன்றாகப் பார்த்தீர்களா? குழிக்கு ஒன்றாகத்தான் வைத்தேன். எலி இழுத்திருக்கும். எங்கள் வீட்டு எலி இரும்பைக்கூட விடாது. இல்லாவிட்டால் பெருக்கும்போது அவளே தள்ளியிருப்பாள். சாதாரண போல்ட்டுதானே, வேறு ஒன்று.

அந்த நீளத்தில் அந்த மரையில் கடையில் கிடைக்காதா. ஏழோடு ஓட்டக் கூடாதா? மலை. ஆமாம். ஒன்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். இறக்கத்தில் ஆட்டம் கொடுத்தால் மற்றதும் தளரும். அவளோடு பத்துப் பேர்.

எழுந்திருங்கள் அண்ணே. தரையில் முட்டி போட்டுத் தேட வேண்டாம். கிடைக்காது. எலியும் இல்லை ஒன்றும் இல்லை.

உள்ளே நடையில் அந்த ஆணியில் என் டியூட்டிக் காக்கி ஒன்று தொங்குகிறதே, அதன் பையில் இருக்கிறது. வியாழக்கிழமை நான்தான் எடுத்து வைத்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். கேட்டால் நான் ஏதாவது விளக்கம் சொல்வேன், நீங்களும் கேட்டுக்கொண்டு நிற்பீர்கள், வேலை கெடும். நானே எடுத்து வருகிறேன்.

இதோ.

இந்தச் சட்டை துவைத்திருக்கிறதே.

வியாழக்கிழமை இது அழுக்குச் சட்டை அண்ணே. கழற்றி மூலையில் போட்டேன். துவைத்து, இஸ்திரி போட்டு, மாட்டியிருக்கிறாள். போல்ட்டு பையில்தான் இருக்கிறது. துவைக்கும்போது வெளியே எடுத்திருக்க வேண்டும், திரும்பப் பையிலேயே போட்டிருக்கிறாள். கிரீஸ் இல்லை பாருங்கள். மரைக்குள்ளேகூட இல்லை. துணியை விட்டுச் சுற்றிச் சுற்றித் துடைத்திருக்கிறாள்.

உங்களுக்கு எப்போது போன் பண்ணினாள்? நேற்றுச் சாயந்தரமா. அப்படியென்றால் போல்ட்டைப் பார்த்த பிறகுதான்.

வருகிறாள். அது அவள் செருப்புச் சத்தம்தான். பிடியுங்கள் அண்ணே, முறுக்குங்கள். நல்லா முறுக்குங்கள். மலைக்குப் போகிற வண்டி.